அரிதாரம் வாங்கப் போன ஆண்கள்

ஒப்பனைப் பொருள் என்றாலே அது பெண்கள் சமாச்சாரம் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அண்மையில் ஈப்போவில் ஒரு கடையில் கண்ட காட்சி இது. சட்டையும் கால்சட்டையும் அணிந்த ஓர் இளைஞர் முகப்பூச்சு கேட்டார். "யாருக்கு அண்ணே?" என்றார் கடைப்பெண். "தங்கச்சிக்கு." "தங்கச்சி என்ன நிறம்?" இளைஞர் தம் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "என் நிறந்தான்" என்றார். பக்கத்தில் நின்ற இருவர் சிரித்துவிட்டார்கள். அவர் எதையும் வாங்காமல் வெளியேறினார்.

அந்தச் சிரிப்பு நமக்கு எங்கிருந்து வந்தது?

தமிழ் நாடக மேடையில் நெடுங்காலம் பெண் வேடம் போட்டவர்கள் பெரும்பாலும் ஆண்களே. அவர்களை 'ஸ்திரீபார்ட்' என்று அழைத்தார்கள். தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே ஒரு நாடக சபையை நிறுவினார். அத்தகைய சபைகளில் வள்ளி, சீதை, சந்திரமதி எல்லாரும் பையன்கள்தாம். நடிகர் திலகம் சிவாஜி கணேசனும் சிறுவனாகச் சீதை வேடம் போட்டவரே. டி.கே. சண்முகம் ஔவையார் வேடத்தில் புகழ்பெற்று, 'ஔவை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். யாராவது சிரித்தார்களா? கைதட்டினார்கள்!

'அரிதாரம் பூசுதல்' என்கிறோமே, அந்த அரிதாரம் உண்மையில் ஒரு மஞ்சள் நிறக் கனிமம். ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்தது. அதைக் குழைத்து முகத்தில் பூசித்தான் ஆண்கள் பெண்ணானார்கள். பின்னால் மேல்நாட்டுப் பூச்சுகள் வந்தன. 1873இல் ஜெர்மனியில் லைஷ்னர் என்பவர் மேடை ஒப்பனைப் பொருள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவரே ஒரு பாடகர். மேடையில் ஒப்பனை போட்டுக்கொண்ட ஆண். மாக்ஸ் ஃபேக்டரின் 'பேன்கேக்' திரைப்பட நடிகர் நடிகையருக்காக உருவாகி, பிறகுதான், 1938இல், பொதுமக்களுக்குக் கடைக்கு வந்தது. ஆக, இன்று பெண்களுக்கே உரியது என்று நாம் நினைக்கும் பொருளில் ஆணின் கைரேகையும் இருக்கிறது.

இந்த மேடை நம் பேராக் தோட்டங்களுக்கும் வந்தது. நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். கோயில் திருவிழா என்றால் நாடகம் உண்டு. எங்கள் லயத்தில் பால்மரம் வெட்டும் ஒருவர்தான் வள்ளி. திருவிழாவுக்கு முந்திய வாரம் சம்பள நாள் முடிந்ததும், பவுடர், சாந்து, கண்மை என்று பட்டியல் எழுதிக்கொண்டு பேருந்தில் ஈப்போவுக்குப் போவார். காசு நாடகக் குழுவினுடையது. கடைக்காரர், "இந்த வருசமும் நீங்கதான் வள்ளியாண்ணே?" என்று கேட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். மறுநாள் அவர் வழக்கம்போல் வெட்டுக்கத்தியோடு காட்டுக்குப் போவார். அவருடைய ஆண்மையை யாரும் கேள்வி கேட்கவில்லை. அவர் மனத்தில் என்ன இருந்தது என்றும் யாரும் கேட்கவில்லை.

1950களின் பிற்பாதியிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. நம் மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். லயம் போனது, மேடையும் போனது. ஓர் ஆண் கூசாமல் கண்மை வாங்க அந்த மேடை ஒரு காரணம் கொடுத்தது. இன்று அந்தக் காரணம் இல்லை. "தங்கச்சிக்கு" என்ற பொய்தான் மிச்சம்.

சட்டம் தடுக்கிறதா என்று கேட்பீர்கள். பேராக் மாநிலத்தின் 1992ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டம், ஆண் பொது இடத்தில் பெண்ணுடை அணிந்து பெண்ணாக நடந்துகொள்வதைப் பற்றிப் பேசுகிறது. அது முஸ்லிம்களுக்கு மட்டும் உரியது. அதுவும் உடையையும் நடத்தையையும் பற்றியதே ஒழிய, கடையில் காசு கொடுத்துக் கண்மை வாங்குவதைப் பற்றியதன்று. அந்த இளைஞரை வெளியே அனுப்பியது சட்டம் அல்ல, நம் சிரிப்பு.

அவர் நடிகராக இருக்கலாம், நடன ஆசிரியராக இருக்கலாம். தன்னைப் பெண்ணாக உணர்ந்து, வீட்டுக்குப் பயந்து ஆண் உடையில் நடமாடும் ஒரு திருநங்கையாகவும் இருக்கலாம். தமிழ்நாடு அரசு 2008இல் அவர்களுக்கென்று தனி நலவாரியமே அமைத்தது. மேடையில் ஆண் வள்ளியைக் கும்பிட்ட சமுதாயம், கடையில் நிற்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது நியாயமா?

கடை வைத்திருக்கும் அன்பர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். "யாருக்கு?" என்று கேட்காதீர்கள். "எந்த நிறம் வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் காலத்து ஈப்போ கடைக்காரர் செய்ததும் அவ்வளவுதான்.