34 வருஷம் எழுதிய கதை: 'தி டார்க் டவர்' கடைசி பாகம் ஏன் இன்னும் பேசப்படுது?

கௌபாய் தொப்பி, இடுப்பில் ரெண்டு துப்பாக்கி, பாலைவனம். கூடவே மந்திரவாதி, பேய், இணை உலகங்கள். இப்படி வெஸ்டர்ன் கதையில் மாயமும் திகிலும் கலந்தால் அதுக்குப் பேர் 'வியர்ட் வெஸ்டர்ன்'. ஆங்கிலத்தில் இந்த வகையின் பிரம்மாண்டமான தொடர், ஸ்டீபன் கிங் எழுதிய 'தி டார்க் டவர்'. அதன் நிறைவுப் பாகத்தின் க்ளைமாக்ஸ் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஏன்?

கதை என்ன?

ரோலண்ட், கடைசித் துப்பாக்கி வீரன். எல்லா உலகங்களையும் தாங்கி நிற்கும் ஒரு கோபுரத்தைத் தேடிப் போகிறான். கோபுரம் சாய்ந்தால் எல்லாமே காலி. நியூயார்க்கிலிருந்து வந்து சேரும் எடி, சூசன்னா, ஜேக் என்ற சிறுவன் ஆகியோர்தான் அவனுக்குத் துணை.

ஏன் இவ்வளவு வருஷம்?

* 1970: கல்லூரி மாணவராக இருந்தபோது கிங் எழுத ஆரம்பித்தார்.
* 1982: முதல் பாகம் புத்தகமாக வந்தது.
* 1991: விடுகதை போடும் ஒரு ரயிலுக்குள் நாயகர்கள் சிக்கியிருக்க, மூன்றாம் பாகம் அந்தரத்தில் முடிந்தது. அடுத்த பாகம் வர 6 வருஷம் ஆனது.
* 1999 ஜூன் 19: சாலையோரம் நடந்து போன கிங் மீது வேன் மோதியது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.
* 2004 செப்டம்பர் 21: கிங்கின் 57-வது பிறந்தநாளில் ஏழாம் பாகம் வெளியானது.

இடைப்பட்ட காலத்தில், புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 82 வயதுப் பாட்டி ஒருவர், 'நான் போறதுக்குள்ள முடிவைச் சொல்லுங்க' என்ற ரீதியில் கடிதம் எழுதியதாக கிங் பதிவு செய்திருக்கிறார். மரண தண்டனைக் கைதி ஒருவரும் இதையே கேட்டாராம். சொல்ல மனசு இருந்தும் கிங்கால் முடியவில்லை. காரணம், முடிவு அவருக்கே தெரியாது!

முடிவு என்ன? (ஸ்பாய்லர் அலர்ட்)

எழுத்தாளர் கிங்கே கதைக்குள் ஒரு பாத்திரமாக வருகிறார். அந்த வேன் விபத்தும் கதையில் உண்டு. அவரைக் காப்பாற்றப் போய் ஜேக் உயிரை விடுகிறான்.

ரோலண்ட் கோபுரத்தை அடைந்ததும் கிங் கதையை நிறுத்தி, 'இதோடு மூடி வைத்தால் நல்லது' என வாசகரை எச்சரிக்கிறார். மீறிப் படித்தால் பெரிய ஷாக். உச்சியில் இருக்கும் கதவைத் திறந்ததும், முதல் பாகம் தொடங்கிய அதே பாலைவனத்தில் போய் விழுகிறான் ரோலண்ட். நடந்தது எதுவும் நினைவில் இல்லை. ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கினால் மறுபடி ஆவடி பிளாட்ஃபார்ம் என்றால் எப்படி இருக்கும்?

ஆனால் ஒரு வித்தியாசம். முன்பு போர்க்களத்தில் எடுக்காமல் விட்ட கொம்பு வாத்தியம் இந்த முறை அவனிடம் இருக்கிறது. கோபுரத்துக்காக கூட இருந்தவர்களை எல்லாம் இழந்தவனுக்கு, திருந்த இன்னொரு வாய்ப்பு என்பது ஒரு தரப்பு வாசகர்களின் வாதம். இத்தனை வருஷம் காத்திருந்ததுக்கு இதுதானா என்பது மறுதரப்பின் கோபம். தனக்கும் இந்த முடிவு பெரிதாகப் பிடிக்கவில்லை, ஆனால் இதுதான் சரியான முடிவு என்றார் கிங்.

நமக்கு இது புதுசா?

இல்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோதும், கதையைச் சட்டென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். முடிவுரையில் கல்கி அதற்குப் பதில் சொல்லி, முக்கியப் பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையையும் விவரித்தார். வெஸ்டர்னும் நமக்குப் பழக்கம்தான். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸின் டெக்ஸ் வில்லரும், 2010-ல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' படமும் உதாரணம்.

எங்கே தொடங்கலாம்?

2017-ல் இட்ரிஸ் எல்பா நடித்த படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். ஏழு பாகங்களின் கதை அதில் அடங்கவில்லை. முதல் பாகம் 'தி கன்ஸ்லிங்கர்' சின்னப் புத்தகம்தான். அதைப் படித்துப் பாருங்கள். கடைசிப் பக்கம் வரை போவதா, கிங் சொன்ன இடத்தில் நிறுத்துவதா என்பது உங்கள் சாய்ஸ்.