பொதிமாட்டுக்குப் பின்னால் நடந்தவர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 பிள்ளைகளிடம், பரீட்சை முடிந்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். கடைக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் எழும்பி, "வாப்பாட கடைய மட்டும் எடுக்க மாட்டேன் சேர். விடிஞ்சதுல இருந்து ராவு மட்டும் கரைச்சல். கட்டார் போனா நிம்மதி" என்றான். வகுப்பே சிரித்தது. அவனுக்கு அன்று சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

மலைநாட்டில் உப்பு விளையாது. 1766 ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. கண்டி இராச்சியத்துக்கு உப்பும் கருவாடும் வர வேண்டுமென்றால் யாராவது கடற்கரைக்கு இறங்கி, காடு தாண்டி ஏற வேண்டும். அந்த யாராவதில் பெரும் பங்கு நம்மவர்கள். போர்த்துக்கேயர் 1626இல் கோட்டே பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, செனரத் மன்னன் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். மட்டக்களப்புக்கும் அம்பாந்தோட்டை உப்பளத்துக்கும் பதுளைக்கும் நடுவில் கிடந்தது வெல்லஸ்ஸ காடு. அதற்குள் ஓடியதுதான் தவளம்.

தவளம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம். மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை, முன்னால் போகும் மாட்டுக்கு மணி. ஏறும்போது உப்பு, கருவாடு, சீலை. இறங்கும்போது பாக்கு, மிளகு, தேன்மெழுகு. வண்டிப் பாதை இல்லாத இடத்துக்கும் மாடு போகும், அதுதான் இந்த வியாபாரத்தின் இரகசியம். யானை, கரடி, காய்ச்சல், ஆற்று வெள்ளம் எல்லாம் வழியில் இருந்தன. மற்றவர்கள் போகப் பயந்த இடத்தில்தான் உப்புக்கு விலை இருந்தது. மன்னர்களும் இதை அறிந்து, "மடிகே பத்த" என்ற போக்குவரத்துத் திணைக்களத்தில் நம்மவர்களைச் சேர்த்திருந்தார்கள். அரச பொருளைச் சுமப்பது அவர்களுடைய கடமை.

மிருகத்தை விட மனிதன்தான் பெரிய ஆபத்து. 1814இல் ஆங்கிலேயர் பகுதியிலிருந்து கண்டிப் பக்கம் வியாபாரத்துக்குப் போன 10 பேரை ஒற்றர் என்று பிடித்து உறுப்புகளை வெட்டினார்கள். 7 பேர் இறந்தார்கள். மிச்சம் 3 பேர் வெட்டிய உறுப்புகள் கழுத்தில் தொங்கக் கொழும்பு வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருடம் ஆங்கிலேயர் கண்டியைப் பிடிக்க இதையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள்.

அதன் பிறகு நடந்தது நம் ஊர்களில் மெதுவாகத்தான் பேசப்படும். ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரிக்காரை முஸ்லிம்களுக்கு முஹாந்திரமாக நியமித்தார்கள். அதுவரை திசாவையின் கீழ் இருந்த தவளக்காரர் அவர் கைக்குள் வந்தார்கள். சிங்களத் தலைவர்களுக்கு இது பெரிய அவமானம். 1817இல் ஊவாக் கிளர்ச்சி வெடித்தபோது ஹாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பதுளையிலிருந்து தேடிப் போன அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். பதிலுக்கு ஆங்கிலேயர் ஊவாவின் வயலையும் வீட்டையும் எரித்து, கால்நடையை அழித்தார்கள். என் கருத்தைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். காட்டையும் காய்ச்சலையும் தாங்கிய வியாபாரத்துக்கு ஆபத்தாக வந்தது அரசாங்கத்தின் தயவு. நடந்து நடந்து ஊர் ஊராகச் சம்பாதித்த நம்பிக்கை ஒரு பதவியால் முறிந்தது.

பிறகு கோப்பி வந்தது. தோட்டத்துக்கு அரிசி, துணி, சாமான் தேவைப்பட்டது. ஆனால் ரோட்டு திறக்கத் திறக்க மாட்டு வண்டி வந்து பொதிமாட்டைத் தள்ளியது. 1869இல் நம்ம மடுல்சீமையில்தான் கோப்பி இலையில் மஞ்சள் நோய் முதலில் கண்ணில் பட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி விழுந்தது. இடிந்து கிடந்த தோட்டங்களை மலிவாக வாங்க 1890இல் வந்தவர்தான் ஹப்புத்தளை தம்பேதென்னையில் தேயிலை போட்ட லிப்டன். அவரும் கிளாஸ்கோவில் ஒரு கடையோடு தொடங்கியவர், சிறு வயதில் அமெரிக்காவில் தோட்ட வேலை செய்தவர். அவர் பட்ட கஷ்டத்தைப் புத்தகங்கள் பாடுகின்றன. அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களுடைய கஷ்டம் அவர்கள் தேர்ந்தெடுத்தது இல்லை.

ரயில் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. தவளத்தின் காலம் முடிந்தது. நம்மவர்களில் பலர் பஸாரில் கடை போட்டார்கள், சிலர் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு லயம் நடந்தார்கள். சம்பளம் வரும் மட்டும் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடன் கொப்பியில் தோட்ட மக்களுக்கு உதவியும் இருந்தது, சுரண்டலும் இருந்தது. அதை மறைத்துப் பெருமை மட்டும் பேச எனக்கு விருப்பமில்லை.

அந்த மகனிடம் நாளைக்குச் சொல்லப் போவது இதுதான்: கட்டார் போவதென்றால் போ மகன், அதுவும் ஒரு தவளம்தான். ஆனால் போகும் முன்னம் வாப்பாவின் கடையில் ஒரு மாதம் நில்லு. எந்தச் சாமானுக்காக ஆட்கள் பசறைக்கும் லுணுகலைக்கும் அலைகிறார்கள் என்று கேட்டுப் பார்.

பிபிலை, பக்கினிகஹவெல, பதுளைப் பக்கம் யாருடைய வீட்டிலாவது பழைய மாட்டு மணியோ பொதிப் பையோ கடன் கொப்பியோ இருந்தால் படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.