குழாய் நீரில் காரீயம்

ஈயம் என்றதும் நமக்கு நினைவு வருவது கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள். அது வெள்ளீயம். இன்று நாம் பேசப்போவது காரீயத்தைப் பற்றி. தூண்டிலில் கட்டும் குண்டு இருக்கிறதே, அதுதான்.

காரீயத்தை வளைப்பது எளிது. ஆகையால் ரோமர்கள் அதில் குழாய் செய்து ஊருக்கு நீர் கொண்டுவந்தனர். காரீயம் உருக்கும் தொழிலாளரின் வெளிறிய நிறத்தைக் கண்ட விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர், மண் குழாயே உடலுக்கு நல்லது என்று அப்போதே எழுதிவைத்தார். கேட்டவர்தாம் குறைவு. அமெரிக்கா புதிய காரீயக் குழாய்களைத் தடை செய்ததே 1986இல்தான்!

பழைய குழாய்கள் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. அத்தகைய ஊர்களில் ஒன்று மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்ட். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் நகர நீரை நிறுத்திவிட்டு, பிளிண்ட் ஆற்று நீரைத் திறந்துவிட்டார்கள். அது அரிக்கும் தன்மை மிகுந்த நீர். குழாயின் உட்புறம் படலமாகப் படிந்து காரீயம் கரையாமல் காக்கும் பாஸ்பேட்டும் சேர்க்கப்படவில்லை. இயந்திரப் பாகங்கள் அரிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அந்த அக்டோபரிலேயே அந்நீரைக் கைவிட்டது. இரும்புக்கு ஆகாத நீரைப் பிள்ளைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள்.

நீரில் கரைந்த காரீயத்தைக் கண்ணாலோ மூக்காலோ நாவாலோ கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் நீர் வற்றுமே தவிர, காரீயம் வற்றாது. ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது ஒன்றே வழி. அதிலும் நீர் எடுக்கும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. குழாயை 6 மணி நேரம் திறக்காமல் வைத்து, முதலில் வரும் 1 லிட்டரைப் பிடிக்க வேண்டும். பிளிண்டிலோ, முதல் நாள் இரவே குழாயைச் சில நிமிடம் திறந்துவிடச் சொன்னார்கள். தேங்கிய காரீயம் சாக்கடைக்குப் போய்விடும் அல்லவா?

நான்கு பிள்ளைகளின் தாயான லீயன் வால்டர்ஸ் வீட்டு நீரில் 2015 தொடக்கத்தில் லிட்டருக்கு 104 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அரசு நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவோ 15. அவ்வாண்டு ஊருக்கான கணக்கில் இருந்த 71 மாதிரிகளில் இரண்டை மாநில அதிகாரிகள் நீக்கினர். அந்த இரண்டில் ஒன்று இவர் வீட்டு நீர். நீக்கியபின் ஊர் முழுவதும் நல்ல நீர் என்று கணக்குக் காட்டிற்று!

அந்த அம்மையார் ஓயவில்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்சை நாடினார். அவருடைய குழு 300 வீடுகளுக்குப் போத்தல்களை அனுப்பியது. முதல் நீருக்கு ஒன்று, 45 விநாடி ஓடவிட்டபின் ஒன்று, 2 நிமிடத்திற்குப்பின் ஒன்று என வீட்டுக்கு மூன்று. ஊர் மக்களே வீடு வீடாகச் சென்று விளக்கி, 250க்கும் மேற்பட்ட வீடுகளின் நீரைத் திருப்பி அனுப்பினர். படிப்பாளிகள் மட்டும் செய்யக்கூடிய வேலை அன்று அது. உண்மை வெளிவந்தது.

செப்டம்பர் 24ஆம் நாள், குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, ஊர்ப் பிள்ளைகளின் இரத்தத்தில் காரீயம் கூடியிருப்பதைக் கணக்குடன் வெளியிட்டார். வளரும் மூளையைக் கெடுக்கும் நஞ்சு அது. அக்டோபர் 16இல் டெட்ராய்ட் நீர் திரும்பியது. மண்ணுக்குள் கிடந்த குழாய்களைத் தோண்டி மாற்றத்தான் நெடுங்காலம் பிடித்தது. ஏறத்தாழ 11,000 காரீயக் குழாய்கள் மாற்றப்பட்டன என்று மாநில அரசு அறிவித்தது 2025 ஜூலையில்.