ஒரு பெயர், இரண்டு உயிர்கள்

1758-இல் வெளிவந்த ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பில், லின்னேயஸ் ‘அக்காரஸ் சைரோ’ என்னும் சிற்றினத்தைப் பதிவு செய்தார. நெடுநாள் சேமித்த மாவிலும் பாலாடைக்கட்டியிலும் வாழும் சிற்றுண்ணி, மனிதத் தோலைத் துளைத்துச் சிரங்கை உண்டாக்கும் சிற்றுண்ணி ஆகிய இரண்டையும் அவர் அவ்வொரு பெயருக்குள் அடக்கினார்.

1778-இல் அவர் நாட்டவரான டி கீர் இவற்றைப் பிரித்தார். பின்னர் பிரெஞ்சு அறிஞர் லாத்ரேய் 1796-இல் ‘டைரோகிளைபஸ்’ என்னும் பேரினத்தையும், 1802-இல் ‘சார்காப்டிஸ்’ என்னும் பேரினத்தையும் நிறுவினார். கிரேக்க வேர்களின்படி முன்னது பாலாடைக்கட்டியைச் செதுக்குவது. பின்னது தசையை வெட்டுவது. உணவே பெயராயிற்று, பெயரே எல்லை வகுத்தது.

ஆயினும் ஏட்டில் பிரிந்தவை நடைமுறையில் பிரியவில்லை. 1812-இல் பாரிசில் காலேஸ் என்னும் மருத்துவ மாணவர், சிரங்குண்ணியைக் கண்டதாகத் தம் ஆய்வேட்டில் படத்துடன் அறிவித்தார். பிறர் தேடியபோது அது அகப்படவில்லை. அப்படத்தில் இருப்பது பாலாடைக்கட்டி உண்ணியே என 1829-இல் ராஸ்பாய் காட்டினார். விளைவாக, சிரங்குக்கு உண்ணி காரணம் என்னும் கருத்தே ஐயத்துக்கு உள்ளாயிற்று. கோர்சிகாத் தீவின் பெண்கள் ஊசிமுனையால் உண்ணியை எடுப்பதை அறிந்திருந்த ரெனூச்சி என்னும் மாணவர், 1834-இல் அதே பாரிசில் உண்மை உயிரை எடுத்துக் காட்டிய பின்னரே அவ்வையம் நீங்கியது. நோயின் காரணத்தைப் பாமரர் அறிந்திருக்க, புலமையுலகம் இருபதாண்டுக்கு மேல் தடுமாறியது.

இதற்கு நேர்மாறான பிழையும் நிகழ்ந்தது. ‘ஹைப்போபஸ்’ எனத் தனிப் பேரினமாக வைக்கப்பட்ட உயிர்கள், உண்மையில் இவ்வகை உண்ணிகள் சிலவற்றின் வளர்ச்சிப் பருவமே. அப்பருவத்தில் அவை இரை கொள்வதில்லை, உலர்ச்சியைத் தாங்கும், ஒட்டுறுப்புகளால் பூச்சிகளைப் பற்றிக்கொண்டு வேறிடம் செல்லும். மெஞ்ஞான் 1870-களிலும் மைக்கேல் 1884-இலும் இதனைத் தெளிவுபடுத்தினர். தானியக் கிடங்குகளில் உண்ணிகள் மீண்டும் தோன்றுவதைப் புரிந்துகொள்ள இவ்வுண்மை இன்றியமையாதது.

முன்னது ஒரு பெயருக்கு இரு பொருள். பின்னது ஒரு பொருளுக்கு இரு பெயர். மொழியியலில் இவற்றை ஒப்புருச்சொல், ஒருபொருட் பன்மொழி என்று அமைதியாக வகைப்படுத்தி நகர்கிறோம். வகைப்பாட்டியலிலோ முதற்பிழையின் விலையை நோயாளியும், இரண்டாவதன் விலையை உழவரும் தந்தனர். ‘அக்காரஸ் சைரோ’ இன்று மாவுண்ணிக்கு மட்டுமே உரிய பெயர். அச்சுருக்கத்திற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது.