அடுக்குக் கேக்கைக் காத்த சர்க்கரை ஓடு

ஆங்கிலேயரின் திருமணக் கேக் என்றதும் வரலாற்று நூல்கள் அதன் ஆடம்பரத்தைத்தான் முதலில் சொல்கின்றன. 1840இல் விக்டோரியா அரசியின் திருமணத்துக்குச் செய்த கேக் ஏறத்தாழ 300 பவுண்டு எடை. அந்த எடையும் வெண்மையும் கண்ணை நிறைப்பதால், அந்தப் பலகாரம் எதற்காக அப்படிச் செய்யப்பட்டது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. திருமண நாள்வரை கெடாமலும் நொறுங்காமலும் வைத்திருக்கக் கண்ட வழிகளே அந்தக் கேக்குக்கு வடிவம் தந்தன என்பதே என் துணிபு.

1769இல் எலிசபெத் ரஃபால்ட் வெளியிட்ட சமையல் நூலிலேயே திருமணக் கேக்குக்குப் பாதாம் பூச்சும் அதன்மேல் சர்க்கரைப் பூச்சும் சொல்லப்பட்டுள்ளன. உள்ளே இருக்கும் உலர்திராட்சையும் சர்க்கரையும் நீரைத் தம்மிடம் பிடித்துவைப்பதால் பூஞ்சை எளிதில் வளராது. பிராந்தியும் அதற்குத் துணை. பாதாம் விழுது கேக்கின் ஈரத்தை உள்ளே நிறுத்தி, பழத்தின் பழுப்பு வெள்ளையில் ஊறாமல் தடுக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த ராயல் ஐசிங் காய்ந்ததும் ஓடாகிவிடும். இதனால் வாரக்கணக்கில் முன்பே கேக்கைச் செய்து, குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் அட்டைப் பெட்டிக்குள் வைக்க முடிந்தது. அடுக்குகளைத் தாங்கும் தூண்களை நிறுத்தவும் இந்த ஓட்டின் இறுக்கமே உதவியது. 1858இல் விக்டோரியாவின் மூத்த மகளின் திருமணத்தில் மேலடுக்குகள் வெறும் சர்க்கரை வேலைப்பாடு. 1882இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்திலோ எல்லா அடுக்கும் உண்ணும் கேக். மேலடுக்கை முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எடுத்துவைக்கும் வழக்கமும் நெடுநாள் கெடாத கேக்கால்தான் சாத்தியமாயிற்று.

வெள்ளைச் சர்க்கரை விலையுயர்ந்த பொருள், அதைப் பூசியது செல்வத்தைக் காட்டத்தானே என்று கேட்கலாம். தொடக்கத்தில் அதுவும் உண்மை. ஆனால் 1874இல் பிரிட்டன் சர்க்கரை வரியை நீக்கியது. சர்க்கரை எளியவர் வீட்டுக்கும் வந்தது. பெருமை குறைந்த பிறகும் பூச்சு நீடித்ததற்கு அதன் பயனையும் காரணமாகக் கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது, 1940இல், ஐசிங் தடைசெய்யப்பட்டதும் சிறு கேக்கின்மேல் அட்டைக் கூடு கவிழ்த்தார்களே, தோற்றம்தானே முக்கியம் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. தோற்றத்தின்மேல் மக்களுக்கு இருந்த பற்றை அது காட்டுகிறது. அந்தத் தோற்றம் எப்படிப் பிறந்தது என்பதை அது காட்டவில்லை. பயனால் உருவான வடிவம் மரபாக ஊறியபின், பயன் இல்லாமலும் நிற்கும்.

கெடுதலை வென்ற பிறகும் நொறுங்கும் அச்சம் விடவில்லை. 1981இல் சார்லஸ், டயானா திருமணத்துக்காகச் சாத்தம் நகரிலிருந்த கடற்படைச் சமையற்பள்ளி, சேதமுற்றால் மாற்றாக இருக்கட்டும் என்று ஒரே மாதிரி இரண்டு கேக்குகளைச் செய்தது. இலங்கையர் வேறு வழி கண்டனர். ரவை, முந்திரி, சர்க்கரையில் பதப்படுத்திய நீற்றுப்பூசணி சேர்ந்த அவர்களின் திருமணக் கேக் துண்டுதுண்டாக வெட்டப்பட்டுத் தாளில் பொதிந்து விருந்தினர் கைக்குப் போகிறது. அங்கே காக்கும் வேலை ஓட்டிலிருந்து தாளுக்கு மாறிவிட்டது.

இன்றைய வெண்ணெய்க் கிரீம் கேக்குக்குக் குளிர்பெட்டி காவல். ராயல் ஐசிங்கோ அங்கிருந்து வெளியே எடுத்ததும் வியர்த்து இளகும். ஆகவே பழைய கேக்கைக் கனமானது, கடினமானது என்று தள்ளுவது நியாயமன்று. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மாவும் பழமும் சர்க்கரையும் கொண்டே காலத்தை எதிர்த்து நின்ற கைத்தொழிலறிவு அது; அடுக்குகளின் அழகுக்குத் தரும் மதிப்பு அந்த அறிவுக்கும் உரியது.