தாத்தாவுக்குத் தராத பதக்கம்

போன தீபாவளிக்கு ஜாசினில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே ஒரே பட்டையில் மூன்று பதக்கங்கள்.

"தாத்தாவோட மெடலுடா. நீதான் இன்ஜினியராச்சே, பிராசோ போட்டுப் பளபளன்னு ஆக்கிக் குடு. ஜனவரியில தோட்டத்து ஆளுங்க ஒன்னுகூடுறோம், அங்க வைக்கணும்."

தாத்தா புக்கிட் அசாஹான் தோட்டத்தில் மரம் வெட்டியவர். 1890களில் டான் சே யான் ரப்பர் பயிரிட்ட இடம் அது. ஜப்பான்காரன் காலத்தில் தாத்தா நேதாஜி படையில் சேர்ந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பதக்கம் என்று ஒன்று இருந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் 1,800 வெள்ளிக்கு வாங்கினாராம். "ஐ.என்.ஏ. ஆளுங்களுக்கு இதே மாதிரிதான் குடுத்தாங்கன்னு கடைக்காரர் சொன்னாரு."

வாங்கும்போது 'இதே மாதிரி'. வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்தில் 'மாதிரி' உதிர்ந்துவிட்டது.

சட்டத்தை வாங்கிக்கொண்டேன், பிராசோ மட்டும் போடவில்லை. பழைய உலோகத்தின் மேல்படலம்தான் அதன் சாட்சி. அதைத் தேய்த்துவிட்டால் பிறகு கேள்வி கேட்க ஆளில்லை. பத்து பிரண்டாமில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் பழுதான பாகங்களைப் பார்த்துக் காரணம் சொல்வதுதான் என் வேலை. இதையும் அப்படியே பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மூன்றில் ஒன்று ஆசாத் ஹிந்த் பதக்கம், குறுக்கு வாள்களோடு. இன்னொன்று 1939 என்று பொறித்த ஜெர்மானிய இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு. "பாரு, நம்ம ஸ்வஸ்திக்கூட போட்டிருக்கான்" என்று பெரியப்பா பெருமையாகக் காட்டியது இதைத்தான். அது ஹிட்லரின் ராணுவச் சின்னம் என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது, கிழக்கு முனைப் பதக்கம். 1941–42 குளிர்காலத்தில் ரஷ்ய முனையில் இருந்தவர்களுக்கு ஜெர்மனி கொடுத்தது.

நேதாஜி பதக்கத்தோடு ஜெர்மன் பதக்கம் சேர்ந்திருப்பது வினோதமாகப் படலாம். ஆனால் ஆசாத் ஹிந்த் பதக்கங்கள் பிறந்ததே அங்கேதான். 1941 ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்த போஸ், வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளைக் கொண்டு ஒரு படை அமைத்தார். ஜெர்மானியக் கணக்கில் அது 950ஆம் காலாட்படை ரெஜிமென்ட். அந்தப் படைக்காக 1942இல் ஷேர்-எ-ஹிந்த், சர்தார்-எ-ஜங், வீர்-எ-ஹிந்த், ஷஹீத்-எ-பாரத் என்று விருதுகள் ஏற்பட்டன. செய்தது வியன்னாவில் ருடால்ஃப் சுவால் பட்டறை. களத்தில் போரிட்டவருக்கு வாளோடு, மற்றவர்களுக்கு வாள் இல்லாமல். அந்தப் படைக்குப் பயிற்சி தந்த ஜெர்மானியர்களுக்கும் இவை கிடைத்தன. போஸ் 1943 பிப்ரவரி 8 அன்று கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கி ஏறி, ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். விருதுகளின் பெயர்களும் அவரோடு கிழக்கே வந்தன.

முதலில் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தேன். அசல் இரும்புச் சிலுவை பொதுவாக ஒரே துண்டாக இருக்காது. நடுவில் கறுப்புப் பூசிய இரும்பு, சுற்றிலும் இரண்டு பாதிகளாகச் செய்து பற்றவைத்த வெள்ளிச் சட்டம். காந்தம் வைத்தால் நடுப்பகுதி இழுக்கும், லென்ஸில் விளிம்பைப் பார்த்தால் ஒட்டு தெரியும். சில அசல்களின் நடுப்பகுதி பித்தளை என்பதால் காந்தம் மட்டும் போதாது. எங்களுடையதில் காந்தமும் ஒட்டவில்லை, விளிம்பில் ஒட்டும் இல்லை. ஒரே வார்ப்பு, மேலே பெயிண்ட். போலி.

கிழக்கு முனைப் பதக்கம் துத்தநாகம். வடிவத்திலும் உலோகத்திலும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ரிப்பனை இருட்டறையில் புறஊதா டார்ச்சில் காட்டினால் நூல் நீலவெள்ளையாக மின்னியது. துணிக்கு அப்படி மினுமினுப்புத் தரும் ரசாயனம் பரவலானது போருக்குப் பிறகுதான். பழைய துணியை இன்றைய சோப்புத்தூளில் துவைத்தாலும் மின்னும், அதனால் இதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. சந்தேகம் என்று எழுதிவைத்தேன்.

கஷ்டம் ஆசாத் ஹிந்த் பதக்கத்தில்தான். நல்ல அச்சு, கூரான எழுத்து. ஆனால் சுவால் பட்டறை போருக்குப் பிறகும் சேகரிப்பாளர்களுக்காகப் பழைய பதக்கங்களை அடித்து விற்றது. அதே பட்டறை, அதே வடிவம், ஆண்டு மட்டும் வேறு. இங்கே உலோகம் பதில் சொல்லாது.

அடுத்தது தொகுதியைப் பார்ப்பது. மூன்று பதக்கங்களை ஒரே பட்டையில் கோத்துவிட்டால் அது ஒரு வாக்குமூலம்: 'இந்த மூன்றும் ஒரே ஆளுடையவை.' பல ஆண்டுகள் சேர்ந்து அணிந்த பதக்கங்கள் ஒன்றையொன்று உரசி, விளிம்புகளில் தொட்ட இடமெல்லாம் தேய்ந்திருக்கும். பின்துணியில் அவற்றின் அழுத்தத் தடம் விழுந்திருக்கும், ஊசியின் துரு ஊறியிருக்கும். எங்கள் பட்டையில் இவை எதுவும் இல்லை. வரிசையும் தப்பு. ஜெர்மானிய வழக்கத்தில் அணிபவரின் வலப்பக்கம் இரும்புச் சிலுவை முதலில் வரும், அந்நிய விருது கடைசியில். இதில் ஆசாத் ஹிந்த் முதலில் நிற்கிறது. வாங்குபவர் எதைத் தேடி வருவார் என்று தெரிந்து கோத்த கை.

முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்கங்களில் ஓரத்திலேயே எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். ஜெர்மானியப் பதக்கத்தில் பெயர் இல்லை. விருதுச் சான்றிதழோ, விருதுகளைப் பதிந்த சிப்பாயின் சம்பளப் புத்தகமோ கூட இல்லையென்றால் அது யாருடையதும் அல்ல.

எல்லாம் அசல் என்றே வைத்துக்கொள்வோம். ரஷ்யக் குளிரில் இருந்து, பிறகு இந்தியப் படைக்கு மாற்றப்பட்ட ஒரு ஜெர்மானியப் பயிற்சியாளருக்கு இந்த மூன்றும் பொருந்தும். மலாயாவை விட்டு ஐரோப்பாவுக்கே போகாத ஒரு மரம்வெட்டிக்குப் பொருந்தாது.

பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப தாத்தா பொய்யா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் ஒன்றுகூடலில் யாராவது ஒரு பையன் கைப்பேசியில் தேடிப் பார்த்து "அங்கிள், இது ரஷ்யாவுக்குக் குடுத்த மெடல்" என்று சொல்லியிருந்தால், அன்றோடு தாத்தாவும் பொய்யாகியிருப்பார். பொய்யான அத்தாட்சி உண்மையையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நம் ஆட்களிடம் ஏன் ஒன்றுமே மிச்சமில்லை என்பதற்கும் காரணம் உண்டு. சிங்கப்பூரில் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரிலேயே தகர்த்தார்கள். நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் விசாரணை தொடங்கியது. அந்தப் பயத்தில் தாத்தாவின் காகிதங்களையும் தொப்பியையும் பாட்டி அடுப்பில் போட்டுவிட்டார்.

இதைச் சொன்னது அலோர் காஜாவில் இருக்கும் அத்தை. அவரிடம் இன்னொன்றும் கிடைத்தது. "உங்க பெரியப்பன் இம்பால் சண்டைம்பான். அப்பா பர்மாவுக்கே போகல. சிங்கப்பூர்ல பயிற்சி எடுத்தாரு, மலேரியா வந்து படுத்தாரு, சண்டை முடிஞ்சிருச்சி, நடந்தே வீடு வந்தாரு." அது நம்பக்கூடியதுதான். மலாயாவில் சேர்ந்த பொதுமக்கள் பலர் மூன்றாம் டிவிஷனில் இருந்தார்கள், அந்த டிவிஷன் மலாயாவிலேயே நின்றது. அப்படியானால் வாள் வைத்த பதக்கம் அவர் செய்யாத ஒன்றை அவர் தலையில் கட்டுகிறது. தோட்டத்தை விட்டு, கைக்குழந்தையை விட்டு, பார்த்தே இராத ஒரு நாட்டுக்காகப் புறப்பட்டாரே, அதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

ஜனவரியில் சட்டத்துக்குள் ஒரு தாள்தான் இருந்தது. பெரியப்பாவே கைப்பட எழுதினார்: தாத்தா பெயர், தோட்டம், போனது, திரும்பியது, யார் சொல்லிக் கேட்டது. 'இம்பால்' என்று எழுதி அவரே அடித்திருந்தார். வேறு தாளில் திருத்தி எழுதித் தரவா என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் தங்கள் வீட்டுத் தாத்தாக்களின் பெயர்களைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

பதக்கப் பட்டை இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நாளைக்கு என் பிள்ளைகள் யாராவது எடுத்துப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது என்று அதில் ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறேன்: 'டவுனில் வாங்கியது, 1,800 வெள்ளி. தாத்தாவுடையது அல்ல.'