தொலைக்காட்சியில் தொழில்முறை பௌலிங்

வழவழப்பான தடத்தில் கனமான பந்தை உருட்டி, மறுகோடியில் முக்கோணமாக நிறுத்திய பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம் பௌலிங். ஜெர்மானியக் குடியேறிகள் வழியே அமெரிக்காவில் வேரூன்றிய இது, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் விருப்பமான பொழுதுபோக்காக வளர்ந்திருந்தது. 1950-களில் தொலைக்காட்சி இதைக் கையில் எடுத்தது. ஏபிசி நிறுவனம் 1962 முதல் 1997 வரை ஒளிபரப்பிய ‘புரோ பௌலர்ஸ் டூர்’ அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் நீடித்த விளையாட்டு நிகழ்ச்சிகளுள் ஒன்று. தொழில்முறை பௌலிங்கின் இறுதிச் சுற்று இன்று கொண்டிருக்கும் வடிவம் பெரும்பாலும் அந்தத் திரைக்காகவே செதுக்கப்பட்டது.

ஆட்டமும் கேமராவும்

எல்லைக்கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. தடத்தின் அகலம் ஏறத்தாழ 41½ அங்குலம்; அதை 39 பலகைகளாக எண்ணுவார்கள். பந்தின் எடை 16 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு கட்டையும் 15 அங்குல உயரமும் சுமார் மூன்றரை பவுண்டு எடையும் கொண்டது. ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஃபிரேம்கள்; ஒவ்வொன்றிலும் இரண்டு பந்துகள் வரை, பத்தாவதில் மட்டும் மூன்று வரை வீசலாம். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். இரண்டாம் பந்தில் மிச்சத்தை வீழ்த்தினால் ஸ்பேர். ஸ்ட்ரைக்குக்குப் பத்துப் புள்ளிகளோடு அடுத்த இரு பந்துகளில் விழும் கட்டைகளும் சேரும். ஆகவே தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் எடுத்தவருக்கு 300 கிடைக்கும். அதற்கு மேல் எண்ணிக்கை இல்லை.

வலக்கை ஆட்டக்காரர் முதல் கட்டைக்கும் மூன்றாம் கட்டைக்கும் இடையிலுள்ள ‘பாக்கெட்’டைக் குறிவைப்பார். சரியான கோணத்தில் நுழையும் பந்து நேரடியாகத் தொடுவது 1, 3, 5, 9 என்ற நான்கு கட்டைகளை மட்டுமே. மற்ற ஆறும் ஒன்றையொன்று இடித்து விழுகின்றன. எனவே அப்பழுக்கற்ற வீச்சிலும் ஒரு கட்டை அசையாமல் நின்றுவிடக்கூடும். பார்வையாளரை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவருவது இந்தச் சிறு நிச்சயமின்மைதான். பந்து தடத்தில் ஓடுவது சில விநாடிகள். அந்த நேரத்தில் ஆட்டக்காரரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஒரு கேமரா கட்டைகளைப் பார்க்கிறது, இன்னொன்று அவருடைய முகத்தைப் பார்க்கிறது. மைதானம் குறுகியது, வெளிச்சம் மாறாதது, மழை கிடையாது. ஆரம்பகாலத் தொலைக்காட்சியின் பெரிய, நகர்த்தக் கடினமான கேமராக்களுக்கு இவ்வளவு இணக்கமான விளையாட்டுகள் சிலவே இருந்தன. குத்துச்சண்டை அவற்றுள் இன்னொன்று.

தொடக்க ஒளிபரப்புகள்

1950-களுக்கு முன் விழுந்த கட்டைகளைச் சிறுவர்கள் கையால் எடுத்து நிறுத்தினார்கள். ஏஎம்எஃப் நிறுவனம் 1946-இல் பஃபலோ நகரில் காட்சிக்கு வைத்த தானியங்கி இயந்திரம் 1950-களின் முதற்பாதியில் வணிக அளவில் பரவியது. பிரன்ஸ்விக் நிறுவனத்தின் இயந்திரம் தொடர்ந்து வந்தது. இரவும் பகலும் நடத்தக்கூடிய தொழிலாக பௌலிங் மாறியதும் புறநகரெங்கும் புதிய கூடங்கள் எழுந்தன. தொலைக்காட்சிக்குத் தேவையான தடையற்ற வேகமும் அந்த இயந்திரத்தால்தான் வந்தது.

‘சாம்பியன்ஷிப் பௌலிங்’ என்ற நிகழ்ச்சி, படச்சுருளில் பதிவாகி உள்ளூர் நிலையங்களுக்கு விற்கப்பட்டது. அதன் வர்ணனையாளர்களுள் ஒருவரான ஜோ வில்சனுக்கு, தணிந்த குரலில் பேசியதால் ‘கிசுகிசு ஜோ’ என்ற பட்டமே வந்தது. என்பிசி, வெள்ளிக்கிழமைக் குத்துச்சண்டை முடிந்தபின் மிஞ்சும் நேரத்தை நிரப்ப 1959-இல் ‘ஜாக்பாட் பௌலிங்’கைத் தொடங்கியது. தொடர்ந்து ஆறு ஸ்ட்ரைக் எடுத்தவருக்குப் பெருந்தொகை. 1961-இல் தெர்ம் கிப்சன் அப்படி 75,000 டாலர் வென்றார். நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் கடைசிக் கட்டத்தில் அதை நடத்தினார். இந்நிகழ்ச்சிகள் பார்வையாளர்கள் இருப்பதை நிரூபித்தனவே தவிர, ஆட்டக்காரர்களுக்கு நிலையான தொழிலைத் தரவில்லை.

அதைத் தந்தவர் ஓஹையோ மாநிலம் ஆக்ரன் நகர வழக்கறிஞர் எடி எலையஸ். 1958-இல் அவர் முன்வைத்த திட்டத்தை நம்பி 33 ஆட்டக்காரர்கள் தலைக்கு 50 டாலர் கொடுத்தார்கள். தொழில்முறை பௌலர்கள் சங்கமான பிபிஏ அப்படிப் பிறந்தது. மறுவருடம் நடந்தவை மூன்று போட்டிகள்தான். நகரங்களுக்கு இடையிலான அணிப் போட்டியாக 1961-இல் தொடங்கிய தேசிய பௌலிங் லீக் ஒரே பருவத்தில் மடிந்தது. அது அரங்கக் கூட்டத்தை நம்பியது; எலையஸ் தொலைக்காட்சியை நம்பினார்.

ஏபிசி காலம்

1962 முதல் குளிர்காலச் சனிக்கிழமைப் பிற்பகல்களில் ‘புரோ பௌலர்ஸ் டூர்’ ஒளிபரப்பானது. அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்திருக்கும். வடக்கு மாநிலங்களில் வெளியே பனி கொட்டும். குடும்பங்கள் வீட்டுக்குள் இருக்கும் நேரம் அது. கிறிஸ் ஷெங்கல் தொடக்கம் முதல் முடிவு வரை வர்ணனை செய்தார். அவருக்குப் பக்கத்தில் முதலில் ஆட்டக்காரர் பில்லி வேலுவும், வேலு 1974-இல் இறந்தபின் நெல்சன் பர்ட்டன் ஜூனியரும் உட்கார்ந்தார்கள். யாரையும் தாழ்த்தாத ஷெங்கலின் மரியாதையான குரலே அந்நிகழ்ச்சியின் முகவரி.

வாரம் முழுவதும் நடக்கும் தகுதிச் சுற்றுகளில் ஒவ்வொருவரும் பல பத்து ஆட்டங்கள் ஆடியிருப்பார்கள். அதை முழுதும் காட்ட இயலாது. எனவே கடைசியில் எஞ்சும் ஐவருக்கு ஏணிமுறை வகுக்கப்பட்டது. ஐந்தாமவர் நான்காமவரோடு ஆடுவார். வென்றவர் மூன்றாமவரோடு, பிறகு இரண்டாமவரோடு. மேலே வந்து சேர்பவர், வாரமெல்லாம் முன்னணியில் இருந்து இப்போது காத்துக்கொண்டிருக்கும் முதலாமவரைச் சந்திப்பார். ஒரே ஆட்டம், கோப்பை. விளையாட்டு நீதியாகப் பார்த்தால் இது கொடுமையானது: நாற்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் சிறந்தவராக நின்றவர் ஒரே ஆட்டத்தில் எல்லாவற்றையும் இழக்கலாம்; கீழிருந்து வருபவருக்கோ தடத்தின் குணம் பழகியிருக்கும். ஆனால் பார்வையாளருக்கு இதைவிடத் தெளிவான கதைப்போக்கு வேறு எந்த விளையாட்டிலும் கிடைத்ததில்லை. திரையைப் பாதியில் திறந்தவருக்கும் யார் எங்கே நிற்கிறார் என்பது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

பணமும் வந்தது. டயர் நிறுவனமான ஃபயர்ஸ்டோன் ஆக்ரனில் நடத்திய ‘டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்’ 1965-இல் மொத்தம் 1,00,000 டாலர் பரிசு அறிவித்தது. பில்லி ஹார்ட்விக் 25,000 டாலர் வென்றார். அதற்கு முந்தைய ஆண்டே டான் கார்ட்டர், எபோனைட் நிறுவனத்தோடு பத்து லட்சம் டாலர் விளம்பர ஒப்பந்தம் செய்திருந்தார். விளையாட்டு வீரர் ஒருவர் செய்த அந்த அளவிலான முதல் ஒப்பந்தமாக அது குறிப்பிடப்படுகிறது. கண்ணாடி அணிந்த, சலனமற்ற முகம் கொண்ட இடக்கை ஆட்டக்காரர் ஏர்ல் ஆந்தனி 1975-இல் ஒரே பருவத்தில் 1,00,000 டாலருக்கு மேல் ஈட்டிய முதல் பௌலர் ஆனார்.

சில ஆட்டங்கள்

தேசிய ஒளிபரப்பில் முதல் 300-ஐ ஜாக் பியாண்டொலிலோ 1967 ஏப்ரல் 1-ஆம் நாள் ஆக்ரனில், டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் போட்டியில் எடுத்தார். ஆனால் பௌலிங் பார்த்து வளர்ந்த தலைமுறை அதைவிட அதிகம் பேசுவது, எடுக்க முடியாமல் போன ஒரு 300-ஐப் பற்றி. 1970-இல் அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில் டான் ஜான்சன் தொடர்ந்து 11 ஸ்ட்ரைக் எடுத்திருந்தார். கோப்பை ஏற்கெனவே உறுதி. எஞ்சியிருந்தது நிறைவான ஆட்டம், அதற்கான 10,000 டாலர், ஒரு கார். கடைசிப் பந்து பாக்கெட்டில் பிசகாமல் நுழைந்தது. ஒன்பது கட்டைகள் சிதறின. வலக்கோடியில் பத்தாம் கட்டை நின்றது. ஜான்சன் அப்படியே தரையில் விழுந்து கிடந்தார். 299–268 என்ற கணக்கில் வென்ற ஒருவர் தோற்றவர்போலத் தரையில் கிடந்த அந்தக் காட்சி, இந்த ஆட்டத்தின் இயல்பை எந்த விளக்கத்தையும்விட நன்றாகச் சொல்கிறது. மறுபக்கம், 268 எடுத்தும் தோற்ற டிக் ரிட்கரை நினைப்பவர்கள் குறைவு, அது நியாயமில்லை.

பின்வரிசையின் இரு கோடிகளில் ஏழாம் கட்டையும் பத்தாம் கட்டையும் மட்டும் மிஞ்சுவது 7–10 ஸ்ப்ளிட். இடைவெளி மூன்றடி. ஒரு கட்டை பின்சுவரில் மோதித் திரும்பி வந்து மற்றதை இடித்தால்தான் இரண்டும் விழும். மார்க் ராத் 1980 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் அலமேடாவில் இதைத் தொலைக்காட்சியில் முதன்முதலாகச் செய்தார். 1991-இல் இருவர் செய்தனர். நான்காமவரான 18 வயது ஆந்தனி நூயர் செய்தது 2021-இல், ரீனோ நகரில். அந்த ஆட்டத்தில் அவர் வெல்லவில்லை.

1991-இல் டெல் பல்லார்ட் ஜூனியருக்குக் கடைசிப் பந்தில் ஏழு கட்டைகள் போதுமாக இருந்தன. பந்து ஓரக் கால்வாயில் விழுந்தது. எதிர்த்து ஆடிய பீட் வெபர் வென்றார். 1996-இல் பாப் லர்ன் ஜூனியர் சொந்த ஊரான பென்சில்வேனியாவின் ஈரியில், தன் ஊர் மக்கள் முன்னிலையில் 300, 270, 280, 279 என்று நான்கு ஆட்டங்களையும் வென்று ஏணியின் உச்சிக்கு ஏறினார். ஒளிபரப்பான இறுதிச் சுற்றுகளில் அதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம்.

திரையில் தெரியாதது

ஆட்டத்தை உண்மையில் தீர்மானிப்பது தடத்தில் பூசிய எண்ணெய். முன்பகுதியில் ஏறக்குறைய 40 அடி வரை மெல்லிய படலமாகப் பூசுவார்கள். எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கும். முடிந்த இடத்தில் தடத்தைப் பற்றி வளையும். ஆட்டம் செல்லச் செல்லப் பந்துகள் எண்ணெயை உறிஞ்சியும் இழுத்தும் போவதால், சற்று முன்புவரை சரியாக இருந்த பாதை பிழையாகிவிடும். இடக்கையர் குறைவு என்பதால் இடப்பக்கத் தடம் மெதுவாகத்தான் மாறும். ஏர்ல் ஆந்தனியின் காலத்தில் இது பெரிய வாக்குவாதமாகவே இருந்தது. பந்தின் மேல்தோலும் இதே அளவு முக்கியம். 1973-இல் டான் மக்கூன் பிளாஸ்டிக் பந்தை வேதிக் கரைப்பானில் ஊறவைத்து மென்மையாக்கி ஆறு பட்டங்கள் வென்றார். அதன்பின் பந்தின் கடினத்துக்குக் கீழ்வரம்பு விதிக்கப்பட்டது. 1980-களில் யூரித்தேன், 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்துகள் வந்து வளைவையும் மதிப்பெண்ணையும் கூட்டின.

இவை எதுவும் பல பத்தாண்டுகள் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் தானும் ஊர்க் கூடத்தில் ஆடுபவர். அங்கே நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் எண்ணெய் பூசி, தவறிய பந்தும் பாக்கெட்டுக்குத் திரும்புமாறு வைத்திருப்பார்கள். தொழில்முறைத் தடம் அத்தகைய மன்னிப்பைத் தராது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றியதால், தொழில்முறைத் தடத்தில் எடுக்கப்படும் 210-இன் அருமை பலருக்குப் புரியாமலே போனது. இந்த ஒளிபரப்பின் மிகப் பெரிய குறை இதுவே.

யாருக்கு இடம் கிடைத்தது

ஆட்டத்தின் விதிகளை வகுத்த அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 1950 வரை வெள்ளை ஆண்களை மட்டுமே உறுப்பினராக ஏற்றது. அந்தத் தடை நீங்கி முப்பத்தாறு ஆண்டுகள் கழித்தே, 1986-இல், ஜார்ஜ் பிரானம் பிபிஏ பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார். 1993-இல் டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸையும் வென்றார். பெண்களின் தொழில்முறைச் சுற்று தனியாக, குறைந்த பணத்தோடு நடந்து 2003-இல் நின்றுபோனது, 2015-இல்தான் மீண்டது. இடைக்காலத்தில் பிபிஏ பெண்களையும் சேர்த்துக்கொண்டது. லிஸ் ஜான்சன் 2005-இல் ஒளிபரப்பான இறுதி ஆட்டம் வரை வந்தார். 2010 ஜனவரியில் லாஸ் வேகசில் கெல்லி குலிக், டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் இறுதியில் கிறிஸ் பார்ன்ஸை 265–195 என்று வீழ்த்தி, பிபிஏ பட்டம் வென்ற முதல் பெண்ணானார்.

1997-க்குப் பின்

கேபிள் தொலைக்காட்சி பெருகியது. சனிக்கிழமைப் பிற்பகல் பலருக்குப் பங்கானது. பார்வையாளர்கள் வயதானவர்கள் என்று கருதி விளம்பரதாரர்கள் விலகினார்கள். 1997 ஜூன் 21-ஆம் நாள் ஏபிசியின் கடைசி ஒளிபரப்பு. 2000-இல் மைக்ரோசாஃப்டில் பணியாற்றியிருந்த மூவர் பிபிஏவை வாங்கினார்கள். ஈஎஸ்பிஎன் வழியே வந்த புதிய நிகழ்ச்சியில் ஷெங்கல் காலத்து அமைதி இல்லை; கூச்சல் ஊக்குவிக்கப்பட்டது, ஆட்டக்காரர்களின் சுபாவமே முன்னிறுத்தப்பட்டது. கறுப்புக் கண்ணாடியோடு ஆடிய பீட் வெபர் அந்தக் காலத்தின் முகம். 2012 யூஎஸ் ஓப்பன் இறுதியில் கடைசிப் பந்தில் ஸ்ட்ரைக் எடுத்து மைக் ஃபேகனை 215–214 என்று வென்றபோது, தன் தந்தை டிக் வெபரும் டான் கார்ட்டரும் வைத்திருந்த நான்கு யூஎஸ் ஓப்பன் பட்டங்களை அவர் தாண்டினார். வெற்றிக்குப் பின் அவர் வெடித்துக் கத்திய வார்த்தைகள், பௌலிங் பார்க்காதவர்களிடமும் பரவின.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலை இழந்த டாம் ஸ்மால்வுட் 2009 டிசம்பரில் உலகச் சாம்பியன்ஷிப்பை வென்றார். 2011-இல் டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் முதற்பரிசு 2,50,000 டாலர். அரையிறுதியில் ஃபின்லாந்தின் மிக்கா கோயிவுனியெமி 299 எடுக்க, எதிரே டாம் டாஹர்ட்டி 100 மட்டுமே எடுத்தார். ஒரே தடங்களில், ஒரே எண்ணெயில் இருவரும் ஆடினார்கள்.

பிபிஏ 2019-இல் போலேரோ நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதே ஆண்டு ஒளிபரப்பு ஃபாக்ஸுக்குச் சென்றது. பந்தின் பாதை, வேகம், சுழற்சி ஆகியவை திரையில் வரைந்து காட்டப்படலாயின. எண்ணெயில் நீலச் சாயம் கலந்து அது எங்கே முடிகிறது என்பதையும் சில ஒளிபரப்புகள் காட்டின. ஏணிமுறை அன்றுபோலவே தொடர்கிறது. இரு கைகளாலும் பந்தை வீசும் ஆஸ்திரேலியர் ஜேசன் பெல்மான்டி 2019-இல் தமது 11-ஆவது பெரும்பட்டத்தை வென்று பழைய சாதனையை முறியடித்தார். தொடக்கத்தில் பலர் ஏற்க மறுத்த அந்தப் பாணியில் ஆடும் அமெரிக்கர் ஆந்தனி சிமன்சன், 2016-இல் 19 வயதில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்று, பெரும்பட்டம் பெற்ற மிக இளையவரானார்.